கண்ணுக்கு விலை கொடுப்பவர் யார்?

பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வந்த நமக்கு மூலதனம் இரண்டு கைகளும் இரண்டு கண்களும்தான். ஒடிந்த கை கூடும். போன பார்வை திரும்புமா?

மும்பையின் குர்லாவிலும் சாக்கிநாக்காவிலும், புனேயின் போசரியிலும் பட்டறை வேலை பார்க்கும் தோழர்களே! உங்களுக்குக் கொடுத்திருக்கும் கண்ணாடி எந்த வேலைக்கு உரியது என்று கேட்டதுண்டா?

கிரைண்டிங் பிடிப்பவருக்கு எமன் பறக்கும் இரும்புத் துணுக்கு. அவருக்குப் பக்கவாட்டிலும் மூடிய பாலிகார்பனேட் கண்ணாடி வேண்டும். அதற்குமேல் முகத்தடுப்பும் வேண்டும். அமிலத் தொட்டியருகே நிற்பவருக்குக் கண்ணைச் சுற்றி இடைவெளியின்றிப் பொருந்துவது வேண்டும். கேஸ் கட்டிங்குக்குப் பொதுவாக 5ஆம் எண் கருமை போதும். மின்வெல்டிங்குக்கோ 10 முதல் 13 வரை வேண்டும். கரண்ட் கூடினால் எண்ணும் கூட வேண்டும். தெருக்கடைக் கருப்புக் கண்ணாடி இதற்கு உதவாது. வெல்டிங் ஒளி பட்ட கண் உடனே வலிப்பதில்லை. சில மணி நேரம் கழித்து, மணலை அள்ளிக் கொட்டியதுபோல் எரியும். பக்கத்தில் நிற்கும் ஹெல்பருக்கும் அதே கதிதான்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். கண்ணாடிக்கு ஐ.எஸ். 5983, வெல்டிங் தடுப்புக்கு ஐ.எஸ். 1179 என்ற எண் இருக்க வேண்டும்.

"கொடுத்தாலும் போடமாட்டேன் என்கிறான்" என்பது காண்டிராக்டர்களின் பழைய பல்லவி. கீறல் விழுந்து, ஆவி படிந்து, மூக்கை அறுக்கும் கண்ணாடியை நாள் முழுதும் யார் போடுவார்? பீஸ் கணக்கில் கூலி கொடுத்தால், துடைக்க நிற்கும் நிமிடமும் நமக்கு நஷ்டமல்லவா?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 35ஆவது பிரிவு, இத்தகைய வேலைகளுக்குத் தடுப்போ பொருத்தமான கண்ணாடியோ தரவேண்டும் என்றது. 'பொருத்தமான' என்பதுதான் அதில் உயிர்ச்சொல். அதன் இடத்துக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும், பாதுகாப்புக்கான செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது என்கிறது. ஆகவே கூலியில் பிடித்துக்கொண்டு கொடுக்கும் கண்ணாடி சட்டவிரோதம். பத்துப் பேருக்கும் குறைவான பட்டறைகள் பெரும்பாலும் இந்தச் சட்டத்தின் கைக்குள் அகப்படுவதில்லை. அங்கே நம் ஒற்றுமைதான் சட்டம்.

தனியாகக் கேட்டால் வேலை போகும் என்ற அச்சம் நியாயமானதே. சேர்ந்து கேளுங்கள், மறுத்தால் சங்கத்துக்கு எழுதுங்கள்.

தாய்மார்களே! காலையில் சாப்பாட்டு டப்பாவை நீட்டும்போது, "பட்டறையில் கண்ணாடி கொடுத்தார்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் கேள்வி முதலாளியின் காதுவரை போய்ச்சேர வேண்டும்.