சொல்லும் பொருளும்: பாட்டியின் நடை

குமாரபாளையத்து மாணவி ஒருவர் எழுதியுள்ளார். பள்ளி ஆங்கிலக் கட்டுரையில் தம் பாட்டி நடப்பதைக் குறிக்க 'வாடில்' என்னும் சொல்லைக் கையாண்டாராம். அகராதியைப் புரட்டிய அண்ணன், "பாட்டியை வாத்தாக்கிவிட்டாயே!" என்று நகைத்தானாம். அன்றிலிருந்து வீட்டார் முன்னிலையில் எழுந்து நடக்கவே பாட்டி கூசுகிறாராம். "நான் எழுதியது பிழையா?" என்பது மாணவியின் வினா.

சொல் பிழையன்று. நீரில் கால் அளைந்து நடப்பதைக் குறிக்கும் 'வேட்' என்ற வினையிலிருந்து பிறந்தது 'வாடில்'. காவிரியில் முழங்காலளவு நீரில் இறங்கி நடந்தோர்க்கு விளக்கம் வேண்டுவதில்லை. குட்டையான அடிகள் வைத்து, இருபுறமும் மாறி மாறிச் சாய்ந்து செல்லும் நடை அது. சேக்சுபியரின் 'ரோமியோவும் ஜூலியத்தும்' நாடகத்தில் செவிலி, குழந்தை ஜூலியத் நடை பழகியதைச் சொல்ல இச்சொல்லையே எடுக்கிறாள். அங்கே அது கொஞ்சல்.

ஒரு கால் நொந்து விந்தி நடப்பது 'லிம்ப்'. வலியோடு தாங்கித் தாங்கி நடப்பது 'ஹாபில்'; மேயும் குதிரையின் கால்களில் பூட்டும் தளைக்கும் அதுவே பெயர். தள்ளாடுவது 'டாட்டர்'. ஆகவே பாட்டி இருபுறமும் அசைந்து நடப்பாராயின், பேத்தி கண்டது சரியே. இடுப்புத் தசை தளர்ந்தோரின் நடையை மருத்துவ நூல்களும் இச்சொல்லாலேயே குறிக்கின்றன. அங்கே ஏளனம் இல்லை.

ஆயினும் வீட்டுப் பேச்சு மருத்துவ நூலன்று. பருத்தவரையும் முதியவரையும் பார்த்துச் சொல்லும்போது இச்சொல்லில் கேலி ஏறிவிடுகிறது. நம் புலவர்களோ நீர்ப்பறவை ஒன்றின் நடையையே மங்கையர்க்குச் சூட்டி அன்னநடை என்று போற்றினர்! அன்னத்துக்குக் கிடைத்த பேறு வாத்துக்கு வாய்க்கவில்லை. இத்தனைக்கும், பென்குயின் அப்படி ஆடி நடப்பது ஆற்றலை வீணாக்குவதன்று, மிச்சப்படுத்துவதே என்று 2000-ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வொன்று காட்டிற்று. அண்ணன் இதை அறிவது நலம்.

பாட்டி நாற்பது ஆண்டுகள் குழித்தறியில் மிதி மிதித்தவர் என்று கடிதத்தின் கடைசி வரியில்தான் மாணவி குறிப்பிடுகிறார். கட்டுரையின் முதல் வரியாக வந்திருக்க வேண்டியது அது. அதை எழுதிவிட்டு, 'இருபுறமும் அசைந்து மெல்ல நடப்பார்' என்று எளிய ஆங்கிலத்தில் சொன்னால் போதும். திருத்தியதைத் தமிழில் சொல்லிப் பாட்டிக்கே முதலில் காட்டட்டும்.