சம்பளமும் பேச்சும்

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் 'மணமகள் தேவை' விளம்பரங்களைப் பாருங்கள். பையனின் சம்பளம் இருக்கும், சொந்த வீடு இருக்கும். பேசத் தெரியுமா என்பது மட்டும் இருக்காது. விளம்பரம் கொடுப்பது பெற்றோர். சேர்ந்து வாழப்போவது அவர்கள் இல்லையே!

தானே துணை தேடும் இளைஞரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்: கார் வரட்டும், காதலி தானாக வருவாள்.

கணக்கு முழுக்கத் தப்பில்லை. அமெரிக்க உளவியலாளர் டேவிட் பஸ் 37 கலாசாரங்களில் ஆராய்ந்து 1989இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஏறக்குறைய எல்லா இடங்களிலும் ஆண்களைவிடப் பெண்களே துணையின் வருமானத்தை அதிகம் பார்க்கிறார்கள். ஆனால் அதே ஆய்வில் இருபாலரும் வருமானத்துக்கு மேலே வைத்தது கனிவையும் புரிந்துகொள்ளும் குணத்தையும்தான்.

2008இல் ஈஸ்ட்விக், ஃபிங்கெல் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க மாணவ மாணவியரைத் தலா 4 நிமிடம் சந்தித்துப் பேசவைத்த பரிசோதனையை வெளியிட்டார்கள். பணம் முக்கியம் என்று முன்கூட்டியே சொன்னவர்கள்கூட, நேரில் மற்றவர்களைவிட அதிகமாகப் பணத்துக்கு மயங்கிவிடவில்லை.

ஓட்டல் பில்லுக்குப் பர்ஸ் போதும். எதிரே இருப்பவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க, சம்பளத்துக்கு ஆள் வைக்க முடியாது.