செத்த காலேஜ், உயிர் காலேஜ்

எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் பழைய சென்னைவாசிகள் அழைத்தார்கள். அருங்காட்சியகம் என்னும் அமைப்பைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தைக் கோட்பாட்டு நூல்களில்கூட நான் வாசித்ததில்லை. உயிரோடிருக்கும் மக்களைக் காட்சிப்படுத்த முனையும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. ஒன்று அவர்களை இறந்தவர்களாக்க வேண்டும். இல்லையேல் கூண்டுக்குள் நிறுத்த வேண்டும்.

வாஷிங்டனில் 2004 செப்டம்பரில் திறக்கப்பட்ட அமெரிக்க இந்தியர்களுக்கான தேசிய அருங்காட்சியகம் இச்சங்கடத்தை அறிந்தே உருவானது. அதன் ஆதாரச் சேகரம், ஜார்ஜ் குஸ்தாவ் ஹே என்ற நியூயார்க் செல்வந்தர் வாங்கிக் குவித்தது. சுமார் 8 லட்சம் பொருட்கள். அதை ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் சேர்ப்பித்த 1989ஆம் ஆண்டுச் சட்டமே, அந்நிறுவனத்திடமிருந்த மனித எச்சங்களையும் ஈமப்பொருட்களையும் உரிய இனக்குழுக்களிடம் திருப்பியளிக்கவும் பணித்தது.

திறந்த நாட்களில் அமெரிக்க விமர்சகர்கள் சிலர் கடுமையாகவே எழுதினர். காட்சிகளைப் பழங்குடிச் சமூகங்களே தேர்ந்து அமைத்ததால் வரலாற்று ஒழுங்கு குலைந்துவிட்டது என்பது அவர்களது குறை. அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் ஒழுங்காக எழுதப்பட்ட பழைய வரலாறுகளில் அம்மக்கள் பெரும்பாலும் படர்க்கையில், இறந்தகாலத்தில்தான் இருந்தார்கள். இங்கே நான் வாசித்த குறிப்புகள் பல தன்மைப் பன்மையில், நிகழ்காலத்தில் பேசின. ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல்தான். தமிழ் மனமோ உடனே 'நாமா, நாங்களா?' என்று கேட்கிறது. ஐயமில்லை, 'நாங்கள்'தான்; பார்வையாளனுக்கு அதில் இடமில்லை. (உணவகத்துக்கு மட்டும் 'மிட்சிடாம்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். டெலவேர், பிஸ்காட்டவே மக்களின் மொழியில் 'உண்போம்' என்று பொருள். அங்கே 'நாம்'. விலைப்பட்டியலைக் கண்டதும் அந்த 'நாம்' சற்றுச் சுருங்கிவிடுகிறது.)

என்னைப் பொறுத்தவரை, இவ்வருங்காட்சியகத்தின் சாதனை இறகுக் கிரீடங்களில் இல்லை. ஒப்பந்தங்களைப் பற்றி 2014இல் அது தொடங்கிய காட்சியில் இருக்கிறது. மீறப்பட்ட வாக்குறுதிகளின் காகிதங்கள் அவை. எனினும் ஒன்று விதிவிலக்கு. ஹோடனஷோனி கூட்டமைப்பின் ஆறு தேசங்களோடு 1794இல் கனண்டைகுவாவில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஆண்டுதோறும் 4,500 டாலருக்குப் பொருட்கள் தர அமெரிக்க அரசு இசைந்தது. தொகை மாறவில்லை, இன்றும் அது துணியாகப் போய்ச்சேர்கிறது. டாலரின் மதிப்பு தேயத் தேயத் துணியும் சிறுத்து, மலிந்து போயிற்று. ஆனாலும் அவர்கள் அதை விட்டுக்கொடுப்பதில்லை. அந்த முரட்டுத் துணி வந்துகொண்டிருக்கும்வரை, தங்களைத் தனித் தேசமாக ஏற்ற கையொப்பமும் செல்லும்.