வீட்டு விஞ்ஞானம்: துருசும் வாய்க்காலும்

உருத்திரபுரத்திலே சிறு கணினி நிலையமொன்று நடத்தும் அன்பர் எமக்கு எழுதுகிறார்: “எமது றூட்டரில் நான்கு துவாரங்களே உள. கணினிகள் பெருகியமையால் பழைய றூட்டர் ஒன்றையும் அதனோடு இணைத்தேன். அன்றுமுதல் சில கணினிகளுக்கு இணையம் கிடைக்கிறது, சிலவற்றுக்கு இல்லை. பல்கலைக்கழக விண்ணப்பம் அனுப்ப வரும் பிள்ளைகள் காத்திருந்து திரும்புகின்றனர். புதிய றூட்டர் வாங்கத்தான் வேண்டுமா?”

வேண்டியதில்லை. இரணைமடு நீரால் வயல் விளைவிக்கும் ஊரவருக்கு இதன் காரணத்தை விளக்குதல் எளிது.

இணையம் ஒரு பெருங்குளமாயின், றூட்டர் அதன் துருசு. வெளியுலகுக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்பது அதுவே. வீட்டுக் கணினிகளுக்கு, பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும் முகவரிகளை வழங்குவதும் அதுவே. சுவிச் என்பதோ உள்ளே பங்கிடும் கிளைவாய்க்கால். எந்தத் துவாரத்தில் எந்தக் கணினி உள்ளது என்பதை, வரும் செய்திகளைக் கொண்டே அறிந்து, உரியதற்கு மட்டும் செய்தியைச் சேர்ப்பிக்கும். முன்னாளில் வழங்கிய ‘ஹப்’ என்னும் கருவியோ எல்லா வயலுக்கும் ஒருங்கே நீர் பாய்ச்சுவது போன்றது. நீர் ஒரு திசையிலே ஓடும், செய்தி போகவும் வரவும் செய்யும் என்பதே வேற்றுமை.

அன்பரது நிலையத்தில் நிகழ்ந்தது யாது? இரு றூட்டர்களும் போட்டியிட்டு முகவரி வழங்கியிருக்கும். இரண்டாவதனிடம் முகவரி பெற்ற கணினி, வெளிச்செல்லும் வழி அதுவே என நம்பிச் செய்தியை அங்கே அனுப்பும். அதுவோ நீரற்ற குளத்துத் துருசு!

பரிகாரம் இது: இரண்டாம் றூட்டரின் ‘டிஎச்சிபி’ என்னும் முகவரி வழங்கும் வேலையை நிறுத்துக. முதலாவதன் முகவரியோடு மோதாத வேறொரு முகவரியை அதற்குக் கொடுக்க. முதல் றூட்டரிலிருந்து வரும் கம்பியை அதன் ‘வான்’ துவாரத்தில் அன்றி, ‘லான்’ துவாரத்தில் செருகுக. இனி அது சுவிச்சாகவே பணியாற்றும். பழைய றூட்டர் இல்லாதோர் ஐந்து அல்லது எட்டுத் துவாரமுள்ள சாதாரண சுவிச் வாங்கினாற் போதும். செருகியதும் அது இயங்கும்.

மூன்று எச்சரிக்கைகள். ஒரே கம்பியின் இரு முனைகளையும் ஒரே சுவிச்சிற் செருகாதீர். செய்திகள் சுற்றிச் சுற்றி வந்து நிலையம் முழுவதும் முடங்கக்கூடும். செப்புக் கம்பி 100 மீற்றருக்கு மேற்படலாகாது. றூட்டரோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுக. திறந்து கிடக்கும் துருசை எவரும் திருப்பலாம்.

அன்பரே, இன்று மாலையே இதனைச் செய்து பாரும். நாளை வரும் பிள்ளைகள் காத்திராது விண்ணப்பம் அனுப்பட்டும்.