மஞ்சள் அட்டைக்கு முன்னால் ஒரு வார்த்தை

12 வயதுப் பையன்கள் ஆடும் கால்பந்து ஆட்டம். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போகிறது. கடைசியாக யார் கால் பட்டது என்பதில் குழப்பம். நடுவர் எதிரணிப் பக்கம் கை காட்டுகிறார். கோட்டுக்கு வெளியே நிற்கும் ஓர் அப்பா, "ரெஃப்ரி, கண்ணு தெரியலையா?" என்று கத்துகிறார். பத்து நிமிடம் கழித்து அதே கேள்வி, அதே ராகத்தில், மைதானத்துக்குள் இருந்து வருகிறது. இந்த முறை கேட்பது அவருடைய பையன்.

பையனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று நடுவருக்குத் தெரியும். ஆனால், சட்டைப் பையில் இருக்கும் அட்டையைப் பையனுக்குத்தான் காட்ட முடியும். அப்பாவுக்குக் காட்டச் சட்டத்தில் இடமில்லை.

சிறுவர் ஆட்டங்களில் நடுவராக நிற்பவருக்குப் பெரிய சங்கடமே இதுதான். "சின்னப் பசங்கதானே, விட்டுடுங்க சார்" என்று ஒரு பக்கம் சொல்வார்கள். "முதல் அஞ்சு நிமிஷத்துலயே ஒரு கார்டு காட்டுங்க, அப்பதான் பயம் இருக்கும்" என்று இன்னொரு பக்கம் சொல்வார்கள். இரண்டில் முதல் யோசனைதான் அதிகம் கெடுக்கிறது. விட்டுவிடும்போது அந்தப் பையன் தப்பிப்பது மட்டுமல்ல, மற்ற 21 பேரும் 'ஓகோ, இதெல்லாம் பேசலாம் போல' என்று கற்றுக்கொள்கிறார்கள்.

எது தவறு என்பதில் கால்பந்துச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 12-வது விதியைப் புரட்டினால் போதும். நடுவரின் முடிவை எதிர்த்துச் சொல்லாலோ செயலாலோ முறைத்தால் மஞ்சள் அட்டை. கிண்டலாகக் கைதட்டுவதும், பந்தை ஓங்கித் தரையில் அடிப்பதும் 'செயல்' கணக்கில்தான் வரும். அடிபடாமலே அடிபட்டதாக உருண்டு நடிப்பதும் மஞ்சள்தான். நம்மூர்ப் பையன்கள் தப்பு என்றே நினைக்காத ஒன்றும் இந்தப் பட்டியலில் உண்டு. எதிரணி ஆட்டக்காரன் பந்தை எடுக்கப் போகும்போது, பின்னால் இருந்து "விடுறா, விடுறா, என் பால்!" என்று அவன் அணிக்காரன் மாதிரியே குரல் கொடுத்து ஏமாற்றுவது. அதற்கு மஞ்சள் அட்டையும், எதிரணிக்கு ஒரு மறைமுக ஃப்ரீ கிக்கும் உண்டு.

சட்டம் தெளிவுதான். அதைக் குழந்தைகளிடம் எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் நடுவரின் கைப்பக்குவம் இருக்கிறது.

அட்டைகள் வந்த கதையையே பாருங்கள். 1966 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதின. நடுவர் ஜெர்மானியர். அர்ஜென்டினா கேப்டன் ரத்தீனை அவர் வெளியே போகச் சொல்ல, அவர் போக மறுத்தார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. ஆட்டமே சில நிமிடங்கள் நின்றுபோனது. அப்போது நடுவர்கள் பொறுப்பில் இருந்த கென் ஆஸ்டன், பிறகு லண்டன் சாலையில் ட்ராஃபிக் விளக்கைப் பார்த்தபோதுதான் மஞ்சள், சிவப்பு யோசனையைப் பிடித்தார். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் அறிமுகமாயின. அதாவது, பேச்சு புரியாத இடத்துக்காகப் பிறந்தது அட்டை. 12 வயதுப் பையனுக்கும் நடுவருக்கும் நடுவே அந்தத் தடை இல்லை. பேசினால் அவனுக்குப் புரியும்.

அதனால் முதலில் ஒரு வார்த்தை. அதையும் சீக்கிரமே சொல்லிவிட வேண்டும். முதல் முணுமுணுப்பு கேட்டதுமே, ஓடிக்கொண்டே, "நான் பார்த்தேன் தம்பி, நீ ஆட்டத்தைக் கவனி" என்றால் பாதி நேரம் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். இரண்டாவது முறை என்றால், பந்து நிற்கும் நேரம் பார்த்து, அணியின் கேப்டனையும் சேர்த்துக் கூப்பிட்டு, மற்றவர்கள் பார்க்கும்படி, ஆனால் கேட்காதபடி, "இதுதான் கடைசி" என்று சொல்ல வேண்டும். விரலை நீட்டி மிரட்டக் கூடாது. தோளைத் தொடவும் வேண்டாம். சொன்ன பிறகு மூன்றாவது முறை நடந்தால் அட்டையைக் காட்டியே ஆகவேண்டும். "அடுத்த தடவை கார்டுதான்" என்று நாலு தடவை சொல்லும் நடுவரைப் பையன்கள் சீக்கிரமே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

எல்லாக் கோபமும் தவறல்ல என்பதையும் பார்க்க வேண்டும். சுலபமான கோலைத் தவறவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு, "ச்சே" என்று தரையைப் பார்த்துக் கத்தும் பையன் தன்னையே திட்டிக்கொள்கிறான். அதே "ச்சே"வை நடுவரின் முகத்தைப் பார்த்துச் சொன்னால் வேறு விஷயம். முன்னவனுக்கு அட்டை காட்டுவது அழுகிற பிள்ளையை அடிப்பது போல.

ஆனால், எச்சில் துப்புவது, கடிப்பது, சாதியையோ நிறத்தையோ சொல்லித் திட்டுவது ஆகியவற்றுக்கு இந்தப் பொறுமை கிடையாது. நேராகச் சிவப்பு. 'தெரியாமச் சொல்லிட்டான்' என்ற சமாதானத்தைப் பிறகு கோச் கேட்டுக்கொள்ளட்டும்.

மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே சிறுவர்களுக்குப் பொருத்தமான இன்னொரு வழியும் இருக்கிறது. 'சின் பின்' என்பார்கள். எதிர்த்துப் பேசியவனைச் சில நிமிடம் வெளியே உட்கார வைத்து, மறுபடி ஆடவிடுவது. சிறுவர் ஆட்டங்களிலும் அடிமட்டப் போட்டிகளிலும் இதைச் சர்வதேச விதிகளே அனுமதிக்கின்றன. இங்கிலாந்தில் 31 லீக்குகளில் சோதித்தபோது நடுவரை எதிர்த்துப் பேசுவது 38 சதவிகிதம் குறைந்ததாக அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் சொன்னது. 2019-20 சீசனில் அதை அடிமட்டக் கால்பந்து முழுக்கக் கொண்டுவந்தார்கள். 90 நிமிட ஆட்டம் என்றால் 10 நிமிடம் வெளியே. மஞ்சள் அட்டை வாங்கிய பையன் அதே வேகத்தில் ஆடிக்கொண்டே இருப்பான். வெளியே உட்கார்ந்தவனோ, தன் அணி ஓர் ஆள் குறைவாக மூச்சிரைக்க ஓடுவதைப் பார்க்கிறான். திரும்பி உள்ளே வரும்போது அவன் நண்பர்களே நாலு வார்த்தை சொல்லிவிடுவார்கள்.

சரி, அந்த அப்பா?

2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரில் ஒரு சிறுவர் ஆட்டம் நடந்தது. மகன் ஆடும் ஆட்டத்துக்குக் கோட்டு நடுவராகத் தானே முன்வந்து நின்றார் ஒரு தந்தை. ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பையன்கள் அவரைத் தாக்கினார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். அடுத்த வார இறுதியில் நாடு முழுக்க அமெச்சூர் ஆட்டங்களை ரத்து செய்தார்கள். 2013-ல் தண்டனை பெற்றவர்களில் பதின்பருவப் பையன்களோடு, ஒரு பையனின் அப்பாவும் இருந்தார்.

வெளியே நிற்பவருக்கு அட்டை இல்லை என்றாலும், நடுவர் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தவும், தள்ளிவைக்கவும், கைவிடவும் 5-வது விதி அவருக்கு அதிகாரம் தருகிறது. கோச்சுகளுக்கும் 2019 முதல் மஞ்சள், சிவப்பு அட்டைகள் உண்டு. பெஞ்சில் இருந்து யார் கத்தினார்கள் என்று தெரியாவிட்டால், அங்கிருக்கும் தலைமைக் கோச் அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெற்றோரிடம் நடுவர் நேராகப் போய்ச் சண்டை போடக் கூடாது. குறிப்பாக, நடுவரே சின்னப் பையனாக இருக்கும்போது. இங்கிலாந்தில் 14 வயதிலேயே நடுவர் பயிற்சியில் சேரலாம். தன்னைவிட இரண்டு வயது சின்னவர்கள் ஆடும் ஆட்டத்தில் விசில் பிடித்து நிற்கும் பிள்ளையை, 40 வயது ஆள் ஒருவர் கோட்டருகே வந்து திட்டினால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வருமா?

அவன் செய்யவேண்டியது சின்ன வேலைதான். பந்து வெளியே போனதும் விசிலை ஊதி, த்ரோ எறிய விடாமல் நிறுத்த வேண்டும். அந்தப் பக்கத்துக் கோச்சைக் கூப்பிட்டு, "சார், அவர் கயிற்றுக்குப் பின்னால் போய் அமைதியாக நின்றால் ஆட்டம் தொடரும்" என்று சொல்லிவிட்டு, நடுமைதானத்துக்குத் திரும்பிப் போய்க் காத்திருக்க வேண்டும். கோச் நடந்துபோய் அந்த அப்பாவிடம் பேசுவார். இரண்டு அணிப் பையன்களும் தண்ணீர் குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவருடைய மகனும்தான். அவர் முணுமுணுத்தபடி நாலு அடி பின்னால் போன பிறகு மறுபடி விசில். அதே த்ரோ, அதே எதிரணிக்கு.