வாசித்துப் பார்க்காமல் கையொப்பம் வைக்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது முழுதாக வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு கொமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம்.

நாங்கள் கண்டி மாவட்டத்தில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள். போன வருஷம் எங்கள் பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் உம்மா ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். கையில் மடித்த ஒரு கடதாசி. "சேர், இதில என்ன எழுதியிருக்குன்டு பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார். பொலிஸில் எடுத்த முறைப்பாட்டுப் பிரதி அது.

கதை இதுதான். அவர் குவைத்தில் வீட்டு வேலை செய்து உழைத்த காசில் மூன்று தங்கக் காப்பு வாங்கி வைத்திருந்தார், மகளின் கலியாணத்துக்கு. ஒரு மையித்து வீட்டுக்குப் போன நேரம் பின்கதவை உடைத்து யாரோ எடுத்துவிட்டார்கள். அன்றைக்கே மகனையும் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போயிருக்கிறார். அங்கே ஒருவரும் ஏசவில்லை, விரட்டவும் இல்லை. உட்காரச் சொல்லி, உடைந்த சிங்களத்தில் அவர் சொன்னதைக் கேட்டு, சிங்களத்தில் எழுதி, சிங்களத்தில் வாசித்துக் காட்டி, கையொப்பம் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள்.

ஐந்து மாதம் கழித்து, பக்கத்து ஊர்களில் வீடு உடைத்த ஒருவன் நகைகளோடு பிடிபட்டான். இந்த உம்மா ஓடிப் போனார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர்கள் கேட்ட கேள்வி: "உங்கட காப்பு தொலைந்ததாகத்தானே சொல்லியிருக்கிறீங்க?"

பிரதியில் அப்படித்தான் இருந்தது. களவு போனது என்ற இடத்தில் "நெத்திவுணா" என்று இருந்தது. உடைந்த கதவைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. கீழே அவருடைய கையொப்பம்.

எழுதியவர் வேண்டுமென்று செய்தாரா, விளங்காமல் செய்தாரா, குற்றக் கணக்கு ஒன்று குறையட்டும் என்று செய்தாரா, எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். சட்டம் சொல்வதை அன்றைக்கு அந்த மேசையில் செய்திருந்தால் இந்தப் பிழை நடந்திருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவைத் தேடி வாசியுங்கள். குற்றம் பற்றிய தகவலை வாயாலும் சொல்லலாம், எழுதியும் கொடுக்கலாம். வாயால் சொன்னால், சொன்னவர் எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியிலேயே எழுதி அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், "உங்கள் மொழியில் நீங்களே எழுதித் தாருங்கள்" என்று அதிகாரிதான் கேட்க வேண்டும். முறைப்பாட்டாளருக்கும் எழுத முடியாவிட்டால் மட்டுமே வேறு தேசிய மொழியில் எழுதலாம். அப்போதும் அதற்கான காரணத்தைப் பதிந்து, அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக்காட்ட வேண்டும்.

இது நேற்று வந்த சட்டமல்ல, எங்களில் பலர் பிறப்பதற்கு முன்பே வந்தது. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயமும் அதையே சொல்கிறது: வடக்கு கிழக்குக்கு வெளியே வாழ்ந்தாலும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும், தமிழில் பதில் பெறவும் எங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆகவே பொலிஸில் தமிழில் முறைப்பாடு செய்வது யாரோ போடும் பிச்சையில்லை. "தமிழ் தெரிந்தவர் லீவு, ஹெட்ட என்ன" என்று திருப்பி அனுப்புவதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் போதாது என்பது உண்மை. பழியை மேசையில் இருக்கும் கொன்ஸ்டபிளின் தலையில் மட்டும் போடவும் மாட்டோம். பன்னிரண்டு மணித்தியாலம் நின்று வேலை செய்கிறவர் அவர். ஆனால் ஆள் இல்லை என்றால் "நீங்களே எழுதித் தாருங்கள்" என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டலாமே? அதற்கு ஆளணி வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். அதைக் கூடச் செய்யாததற்குப் பெயர் ஆள் பற்றாக்குறையா, அலட்சியமா?

இனி எங்கள் பக்கம் வருவோம். இதற்குத்தான் அதிகம் பேர் கோபப்படுவீர்கள்.

முதல் குற்றவாளி நாங்கள்தான், ஆசிரியர்கள். அந்த உம்மாவின் மகனுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டாம் மொழிச் சிங்களம் படிப்பித்தோம். "மகே பாசல" என்று பத்து வரி எழுதுவான். உம்மாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தும், அந்தத் தாளில் களவு என்று இருக்கிறதா தொலைந்தது என்று இருக்கிறதா என்று வாசிக்க அவனால் முடியவில்லை. "சேர், அந்த எழுத்து எனக்கு விளங்கல்ல" என்றான். பரீட்சைக்குப் படிப்பித்தோம். பொலிஸ் நிலையத்துக்கும் கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் படிப்பிக்கவில்லை.

அடுத்தது, முகநூலில் முறைப்பாடு செய்கிறவர்கள். சைக்கிள் களவு போனால் சீசீடிவி வீடியோ உடனே குரூப்பில் வருகிறது. ஐந்நூறு ஷெயார், இருநூறு "இன்னாலில்லாஹ்". "பொலிஸில் என்றி போட்டீங்களா?" என்று கேட்டால் பதில் இல்லை. ஷெயாரை வைத்து எந்த நீதிமன்றமும் வழக்கு எடுக்காது, இன்ஷூரன்ஸ் கொம்பனியும் காசு தராது. வீடியோவில் இருப்பவன் வேறு ஆளாக இருந்தால், ஒரு அப்பாவியின் மானத்தை வாங்கிய பாவம் மட்டும்தான் மிச்சம்.

மூன்றாவது, "பொலிஸுக்குப் போகாதீங்க, பள்ளியில பேசித் தீர்ப்போம்" என்கிறவர்கள். வேலிச் சண்டையை, கொடுக்கல் வாங்கலைப் பேசித் தீர்ப்பது நல்ல காரியம்தான். அரசே அதற்காக 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மத்தியஸ்த சபைகளை வைத்திருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளையின் மேல் கை வைத்தவனை நிர்வாகக் கூட்டத்தில் கூப்பிட்டு, தௌபா செய்யச் சொல்லி, ஊரை விட்டு அனுப்புவது தீர்ப்பா? அவன் அடுத்த ஊரில் அடுத்த பிள்ளையைத் தேடுவான். மனைவிக்கு அடித்துக் காயப்படுத்தியவனை "குடும்ப மானம்" என்று மூடி மறைப்பது ஸபுரா? அது குற்றத்துக்குத் துணை போவது. மானம் போனால் போகட்டும், பிள்ளை பிழைக்கட்டும்.

நான்காவது வாதம் எங்களுக்கும் வலிக்கிற வாதம். "அளுத்கமையில என்ன செய்தாங்க? திகனயில என்ன செய்தாங்க? மினுவாங்கொடையில என்ன செய்தாங்க? இவங்களிட்டப் போய் என்ன பலன்?" 2014, 2018, 2019. ஒன்றையும் நாங்கள் மறக்கவில்லை. இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு மறக்கவும் முடியாது.

ஆனால் இதையும் யோசியுங்கள். ஸஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்கள் 2019க்கு முன்னரே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள். அதைக் கேட்டு நடக்காதது அரசின் குற்றம். ஆனாலும் முறையிட்டபடியால்தான் "நாங்கள் எச்சரித்தோம்" என்று முஸ்லிம் சமூகத்தால் இன்றும் நிமிர்ந்து சொல்ல முடிகிறது. வாய்க்குள்ளேயே வைத்திருந்தால் யார் நம்புவார்கள்? பொலிஸை நம்புகிறவனை விட நம்பாதவனுக்குத்தான் எழுத்து அதிகம் தேவை. கடனை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்பதற்கே அல்குர்ஆனில் மிக நீண்ட வசனம் இறங்கிய உம்மத் நாங்கள். அப்படியிருந்தும் வாசிக்காமல் கையொப்பம் வைக்கிறோம்.

ஆகவே, செய்ய வேண்டியது இதுதான். சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. உயிருக்கு ஆபத்து, வீட்டுக்குள் கள்ளன், வீதியில் அடிதடி என்றால் 119. நேற்று நடந்த களவு, தொலைந்த அடையாள அட்டை, தொலைபேசி மிரட்டல், பக்கத்து வீட்டுத் தொந்தரவு போன்றவற்றுக்கு, சம்பவம் நடந்த பகுதியின் பொலிஸ் நிலையத்துக்கு நேரில் போங்கள். அந்த நிலையத்தின் நம்பரை இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள்.

2. போகும் முன் வீட்டிலேயே தமிழில் எழுதுங்கள். எப்போது, எங்கே, என்ன நடந்தது, என்ன போனது, யார் கண்டது. களவு என்றால் களவு என்றே எழுதுங்கள். இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுங்கள், மற்றதில் திகதியும் கையொப்பமும் கேளுங்கள்.

3. சிங்களத்தில் எழுதினால் தமிழில் சொல்லிக்காட்டச் சொல்லுங்கள். விளங்காமல் கையொப்பம் வைக்காதீர்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

4. முறைப்பாட்டு இலக்கம், திகதி, எழுதியவரின் பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள். பிரதியும் கேளுங்கள்.

5. பிள்ளைகள் விஷயம் என்றால் 1929, இரவு பகல் எந்நேரமும். பெண்களுக்கு 1938. பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவைக் கேளுங்கள். பெண் உத்தியோகத்தரிடம் பேச வேண்டும் என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

6. எடுக்க மறுத்தால் பொறுப்பதிகாரியிடம் போங்கள். அங்கும் சரிவராவிட்டால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அலுவலகம். அதற்கும் மேல் பொலிஸின் இணையத்தளத்தில் பொலிஸ் மா அதிபருக்கே எழுதலாம். பொலிஸாருக்கு எதிரான முறைப்பாட்டை விசாரிக்கத் தேசிய பொலிஸ் ஆணைக்குழு இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழு 1996. மொழி உரிமை மீறப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம்.

அந்த உம்மாவுக்கு என்ன நடந்தது? நாங்கள் இரண்டு பேர் கூடப் போனோம். நடந்ததைத் தமிழில் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தோம். முதலில் "இப்ப என்னத்துக்கு?" என்றார்கள். 109ஆம் பிரிவைச் சொன்னதும் ஒரு சார்ஜன் எழுந்து வந்து வாசித்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்தது! ஐந்து மாதத்துக்கு முன் அவர் எங்கே இருந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. மேலதிக வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்கள். காப்புகள் கிடைக்கவில்லை. அதற்குள் உருக்கியிருப்பார்கள். ஆனால் இப்போது புத்தகத்தில் அது களவு. அந்தப் பிள்ளையின் உம்மா கவனமில்லாமல் தொலைத்தவர் அல்ல.

பொலிஸிடம் நாங்கள் கேட்பது பெரிய காரியமல்ல. முறைப்பாட்டு மேசைக்கு மேல் 109ஆம் பிரிவை மூன்று மொழியிலும் எழுதித் தொங்கவிடுங்கள். பக்கத்தில் வெள்ளைத் தாளும் பேனையும் வையுங்கள்.

பள்ளி நிர்வாகங்களிடம் கேட்பது: ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் இதைப் பேசுங்கள். பெண்கள் பகுதிக்கும் கேட்கிற மாதிரி.

எங்கள் ஊர்க்காரருக்கு ஒரு வார்த்தை: சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நாங்கள் வாசிகசாலையில் இருப்போம். எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தருவோம், சிங்களத்தில் வந்ததை வாசித்துச் சொல்வோம். ஒரு சதமும் வேண்டாம். மற்ற ஊர் ஆசிரியர்களும் இதைச் செய்யலாமே? எழுத்தறிவித்தவன் என்று எங்களைச் சொல்கிறார்கள். அந்த எழுத்து ஒரு ஏழை உம்மாவுக்கு உதவாவிட்டால் என்ன பிரயோசனம்?

பிழை இருந்தால் திருத்துங்கள், ஏற்றுக்கொள்வோம். சரியென்று பட்டால் ஷெயார் பண்ணுங்கள். அதற்கு முன் உங்கள் வீட்டு உம்மாமாருக்கு ஒரு தரம் வாசித்துக் காட்டுங்கள்.

வஸ்ஸலாம்.