பெயர் மாறினால் போதுமா?

"கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்பது நம் ஊர்ப் பழமொழி. ஆனால், அதைச் சொல்லும் அதே வாய், "பெண்ணுக்கு நிறம் கொஞ்சம் கம்மி" என்றும் சொல்கிறது. ஏன் இந்த இரட்டைப் பேச்சு?

புழல் முதல் எண்ணூர் வரை எந்தத் தெருவுக்கும் போய்ப் பாருங்கள். மூட்டை ஏற்றுபவர், மீன் விற்கும் தாய், கட்டட வேலை செய்பவர் என்று வெயிலில் உழைப்பவர்கள்தாம் அங்கே அதிகம். அதே தெருப் பெட்டிக்கடையில், முகத்தைச் சிவப்பாக்குவதற்கென்று வாங்கும் கிரீம், சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகத் தொங்குகிறது.

கறுப்பு மட்டம், சிவப்பு உயர்வு என்ற எண்ணத்தை வளர்த்ததில் விளம்பரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தக் கதையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சோப்பு செய்த கேலி

1884ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் பியர்ஸ் சோப்புக்கு ஒரு விளம்பரம் வந்தது. அதில் இரண்டு படங்கள். முதல் படத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன் தொட்டியில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் வெள்ளைக்காரச் சிறுவன் சோப்புடன் நிற்கிறான். அடுத்த படத்தில், குளித்து முடித்த சிறுவனின் உடம்பு வெள்ளையாகிவிட்டது! முகம் மட்டும் கறுப்பாகவே இருக்கிறது.

கறுப்பு என்றால் அழுக்கு என்பதுதான் இந்தக் கேலியின் பொருள். தோலின் நிறம் அழுக்கா? இல்லை. அது 'மெலனின்' என்ற பொருளால் வருவது. சூரியனின் கெடுதலான கதிர்களிலிருந்து உடம்பைக் காப்பது அதுதான். இயற்கை கொடுத்த குடையைப் போய் அழுக்கு என்றார்கள்!

அமெரிக்காவிலும் இப்படித்தான். 'ஆன்ட் ஜெமைமா' என்ற மாவுப் பொட்டலத்தில், வெள்ளைக்காரர் வீட்டில் சமைக்கும் கறுப்பினப் பெண்ணின் படம் நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. கறுப்பர் என்றால் வேலைக்காரர் என்பதை அந்தப் படம் சொல்லாமல் சொன்னது.

நம் நாட்டில் நடந்தது

நமக்கும் இது புதிதல்ல. ராயபுரத்துக்குத் தெற்கே இருக்கும் ஜார்ஜ் டவுனுக்கு ஆங்கிலேயர் முதலில் வைத்த பெயர் 'பிளாக் டவுன்', அதாவது கறுப்பர் நகரம்! 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்தப் பெயர் மாறியது.

1947இல் வெள்ளைக்காரர் போய்விட்டார்கள். ஆனால் வெள்ளை மோகம் போகவில்லை. 1975இல் இந்துஸ்தான் லீவர் கம்பெனி 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீமை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பெயருக்குப் பொருள், 'சிவப்பும் அழகும்'. சிவப்பாக இருந்தால்தான் அழகு என்று பெயரே பாடம் நடத்தியது.

அதன் ஒரு விளம்பரத்தில், மகன் இல்லையே என்று தந்தை வருந்துகிறார். கறுப்பான மகள் கிரீம் பூசுகிறாள். சிவப்பாகிறாள். விமானத்தில் வேலை கிடைக்கிறது! படிப்பும் திறமையும் எங்கே போயின? அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதை எதிர்த்துப் போராடியது. 2003இல் அந்த விளம்பரம் நிறுத்தப்பட்டது.

2009இல் நம் சென்னையிலிருந்தே, 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு, "கறுப்பும் அழகே" என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 2014இல் விளம்பரத் துறையின் தரக் கவுன்சில், கறுப்பானவர்களைத் தாழ்த்திக் காட்டக்கூடாது என்று விதி வகுத்தது.

2020 மே மாதம், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பின மனிதர் போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் உயிர் விட்டார். உலகமே கொதித்தது. அடுத்த சில வாரங்களில், 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீம் 'குளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. கல்யாணம் பேசும் ஷாதி.காம், தோல் நிறத்தைக் கொண்டு வரன் தேடும் வசதியை நீக்கியது. 'ஆன்ட் ஜெமைமா'வின் பெயரும் படமும் பின்னர் போயின.

இனி நம் வேலை

கறுப்பர் நகரத்தின் பெயர் மாறியது. கிரீமின் பெயரும் மாறியது. பெயர் மாறியது நல்லதே. ஆனால் மனம் மாறியதா?

"நிறம் கம்மி" என்று சொல்லிக் கூடுதல் நகை கேட்கும் மாப்பிள்ளை வீட்டார் இன்று இல்லையா? பிறந்த குழந்தையைக் கையில் வாங்கியதும், "சிவப்பா, கறுப்பா?" என்று கேட்பவர்கள் இல்லையா? அந்தக் கேள்வியைக் கேட்டு வளரும் பெண், கண்ணாடி முன்னால் நின்று தன்னையே வெறுக்கிறாள். அந்த வெறுப்புத்தான் விளம்பரக்காரரின் முதலீடு.

கம்பெனிகளை அரசும் கவுன்சிலும் கண்காணிக்கட்டும். வீட்டை யார் கண்காணிப்பது? நாம்தான்.

தாய்மார்களே! உங்கள் மகளை நிறம் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அவள் படிப்பைப் பற்றிப் பேசுங்கள். பெண் பார்க்கப் போகிறவர்களே! குணத்தைக் கேளுங்கள், நிறத்தைக் கேட்காதீர்கள். பழமொழியில் மட்டும் கறுப்பு அழகாக இருந்தால் போதாது. நம் வீட்டுக் கூடத்திலும் அது அழகாக இருக்க வேண்டும்.